டெமோவில் ஓடியது நம்ம கணக்கில் ஓடுமா?

தொழில் கேள்வி–பதில்: திட்ட மேலாண்மை, ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (சிறந்த முடிவைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் முறை) மென்பொருள் வாங்கப்போகும் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடி கட்டும் சின்ன நிறுவனம் எங்களுடையது. ஒரே சமயத்தில் மூன்று, நான்கு சைட் ஓடும். இதுவரை எக்செலில்தான் பார் சார்ட். எம்எஸ் ப்ராஜெக்ட், ப்ரைமவேரா பி6 இரண்டுக்கும் டெமோ பார்த்துவிட்டோம். இரண்டுமே நன்றாகத்தான் தெரிகிறது. எதை வைத்து முடிவு செய்வது?
— கட்டுமான நிறுவன வாசகர், மேடவாக்கம்

பதில்: டெமோவில் ஓடுவது விற்பவருடைய கணக்கு. அதில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். விடை ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்னக் கணக்கைக் கையில் கொண்டுபோங்கள். எந்த வேலை தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகும் என்று கண்டுபிடிக்கும் கிரிட்டிக்கல் பாத் கணக்கு 1950களின் கடைசியில் டூபாண்ட் நிறுவனத்தில் உருவானது. இன்றைக்கும் எல்லா மென்பொருளுக்கும் உள்ளே ஓடுவது அந்தக் கூட்டல் கழித்தல்தான். ஏழெட்டு வேலை என்றால் பேனாவும் பேப்பரும் போதும்.

இந்த அஸ்திவாரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு திங்கட்கிழமை தொடக்கம், வாரம் ஆறு நாள் வேலை. மண் தோண்டுவது 6 நாள். அது முடிந்து பிசிசி (அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்) 2 நாள். யார்டில் கம்பி வெட்டி வளைப்பது 5 நாள், இது முதல் திங்களிலேயே தனியாகத் தொடங்கிவிடும். பிசிசியும் கம்பியும் தயாரானபின் கம்பி விரித்து சென்ட்ரிங் அடிக்க 3 நாள். கான்கிரீட் 1 நாள். பிறகு க்யூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைப்பது, ஞாயிறும் சேர்த்து 10 நாள். கடைசியாக மண் நிரப்புவது 4 நாள்.

சரியான விடை: கான்கிரீட் இரண்டாம் வாரம் சனிக்கிழமை. மண் நிரப்பி முடிவது நான்காம் வாரம் சனிக்கிழமை. கம்பி வளைக்கும் வேலைக்கு ஃப்ளோட் (முடிவுத் தேதி மாறாமல் தாமதிக்கக்கூடிய அளவு) 3 நாள்.

மென்பொருளை வாங்கி அப்படியே திறந்து இதை ஏற்றினால் ஆறாம் வாரம் திங்கட்கிழமை என்று காட்ட வாய்ப்பு அதிகம். காரணம் இரண்டு. முதலாவது காலண்டர்: எம்எஸ் ப்ராஜெக்ட் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் வாரத்தோடுதான் வருகிறது. சனிக்கிழமையை வேலை நாளாக்கினால் மட்டும் போதாது. ஆப்ஷன்ஸில் ஒரு வாரத்துக்கு 40 மணி நேரம் என்று தனியாக ஒரு இடத்தில் இருக்கும், அதையும் 48 ஆக்க வேண்டும். மாற்றாமல் விட்டு, ஒரு வேலைக்கு 'ஒரு வாரம்' என்று டைப் அடித்தால் அது ஐந்து நாளாகவே எடுத்துக்கொள்ளும். திட்டத்தில் 60 வேலைகள் வாரக்கணக்கில் இருந்தால் எங்கே பிசகியது என்று தேடியே ஒரு நாள் போய்விடும்.

இரண்டாவது க்யூரிங். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரிக்கு லீவு, கான்கிரீட்டுக்கு லீவு கிடையாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, ஓபிசி (சாதாரண போர்ட்லாண்ட்) சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரமாக வைக்கச் சொல்கிறது. அது காலண்டர் நாள். மென்பொருள் இயல்பாக அதை வேலை நாளாக எண்ணும். எம்எஸ் ப்ராஜெக்ட்டில் 10 என்ற எண்ணோடு 'இ', 'டி' என்ற இரண்டு ஆங்கில எழுத்தைச் சேர்த்து அடித்தால் ஞாயிறும் சேரும். பி6-இல் க்யூரிங்குக்கு ஏழு நாள் காலண்டர் ஒன்றைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆறு நாள் வாரத்தைச் சரிசெய்துவிட்டு இதை மட்டும் மறந்தால் முடிவு ஐந்தாம் வாரம் செவ்வாய்க்குப் போய்விடும்.

அடுத்து, தோண்டுவதை 6-லிருந்து 9 நாளாக்குங்கள். தேதிகள் தானாக நகர வேண்டும். நகரவில்லையென்றால் வேலைகள் 'மேனுவல்' நிலையில் இருக்கின்றன. எம்எஸ் ப்ராஜெக்ட்டின் 2010 பதிப்பிலிருந்து புதிதாகச் சேர்க்கும் வேலை அப்படித்தான் வந்து உட்காரும். 'ஆட்டோ'வுக்கு மாற்றியபின் முடிவு ஐந்தாம் வாரம் வியாழனாக வர வேண்டும். மூன்று நாள்தானே தாமதம், நான்கு வேலை நாள் தள்ளிப்போகிறதே என்று பதற வேண்டாம். முன்பு க்யூரிங்குக்குள் இரண்டு ஞாயிறு விழுந்தன. இப்போது ஒன்றுதான் விழுகிறது. அதனால் வேலை நாளில் ஒன்று கூடுதலாகக் கரைகிறது. கம்பி வேலையின் ஃப்ளோட் 6 ஆகியிருக்க வேண்டும். இந்த விடைகளையெல்லாம் டெமோ காட்டுபவர் உங்கள் கண்முன்னே வரவழைக்கட்டும். எத்தனை நிமிஷம் தடுமாறுகிறார் என்பதைக் கவனித்தால், நாளைக்கு நீங்கள் கூப்பிடும்போது எப்படி உதவி கிடைக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

சென்னைக்கென்று இன்னொன்று உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. திட்டம் முழுவதற்கும் மழை நாளைக் கழிக்காதீர்கள். வெளிப்பூச்சும் மண் வேலையும்தான் நிற்கும். உள்ளே டைல்ஸ் ஒட்டுபவருக்கு மழை ஒரு பொருட்டில்லை. 'மழைக்கால வெளிவேலை' என்று ஒரு காலண்டர் செய்து, நவம்பரில் எத்தனை நாள் கிடைக்கும் என்று உங்கள் பழைய சைட் டைரியைப் பார்த்து எண்ணிப் போட்டு, அந்தந்த வேலைக்கு மட்டும் மாட்டுங்கள். அந்த வேலையில் ஆளையும் சேர்த்திருந்தால் வேலையின் காலண்டர், ஆளின் காலண்டர் இரண்டுக்கும் பொதுவான நேரத்தை மட்டும்தான் எம்எஸ் ப்ராஜெக்ட் எடுத்துக்கொள்ளும். சில வேலைகள் திடீரென நீள்வது இதனால்தான். பொங்கலுக்கு ஊர் ஆட்கள் போவார்கள், தீபாவளி, சத் பூஜை சமயத்தில் வடக்கத்தி ஆட்கள் போவார்கள். அது ஆள் காலண்டரில் வர வேண்டும், மழைக் காலண்டரில் அல்ல.

இனி உங்கள் கேள்விக்கு நேர் விடை. சைட் ஒன்றுக்கு 300, 400 வேலை, அதைக் கையாள்பவர் ஒருவரோ இருவரோ என்றால் பி6 தேவையில்லை. ஒரே திட்டத்தில் பலர் ஒரே நேரத்தில் கைவைக்க வேண்டும், வேலை எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகிறது, அல்லது டெண்டரிலேயே பி6 கோப்பு கேட்கிறார்கள் என்றால் அதை வாங்குங்கள்.

கேள்வி: ஐந்து மென்பொருளை ஒப்பிட 120 வரி கொண்ட அட்டவணை தயார் செய்திருக்கிறோம். ஒவ்வொரு வசதிக்கும் மதிப்பெண், வெயிட்டேஜ் எல்லாம் போட்டாயிற்று. சரிதானா?
— திட்ட அலுவலர், கிண்டி

பதில்: உழைப்புக்கு வணக்கம். ஆனால் அந்த அட்டவணை ஒரு பெரிய ஓட்டையை மூடி மறைத்துவிடும். உதாரணமாக, நெட் இல்லாமல் மொபைலில் வேலை முன்னேற்றம் பதிய முடியாத ஒரு மென்பொருள், மற்ற 119 வரியிலும் நல்ல மார்க் வாங்கி முதலிடத்துக்கு வந்துவிடும். உங்கள் சைட்டில் இரண்டாம் அடித்தளத்தில் சிக்னலே வராது என்றால் அந்த முதலிடத்தை வைத்து என்ன செய்வது?

முதலில் ஐந்தாறு 'இது இல்லையென்றால் வேண்டாம்' நிபந்தனைகளை மட்டும் எழுதுங்கள். அதில் ஒன்று தவறினாலும் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். மிஞ்சும் இரண்டு மூன்றுக்கு மதிப்பெண் போட 15 வரி தாராளம். வெயிட்டேஜை டெமோ பார்ப்பதற்கு முன்பே பூட்டிவிட வேண்டும். பார்த்தபின் மாற்ற விட்டால், பிடித்துப்போன மென்பொருளுக்கு ஏற்றபடி எண்கள் தாமே வளைந்து கொடுக்கும். எல்லோருமே இதைச் செய்கிறார்கள், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

இன்னொரு குழப்பமும் உங்கள் பட்டியலில் தெரிகிறது. ஜிரா, ட்ரெல்லோ போன்றவை யார் எந்த வேலையைச் செய்கிறார், எங்கே நிற்கிறது என்று பார்க்கும் பலகைகள். எம்எஸ் ப்ராஜெக்ட், பி6 ஆகியவை தேதியைக் கணக்குப் போடும் இயந்திரங்கள். ஓஎம்ஆரில் மென்பொருள் எழுதும் குழுவுக்கு முதல் வகை போதும். ஸ்ரீபெரும்புதூரில் இயந்திரம் நிறுவும் குழுவுக்கு இரண்டாவது இல்லாமல் ஆகாது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு மார்க் கொடுப்பது சைக்கிளையும் கிரைண்டரையும் ஒப்பிடுவது மாதிரி.

கேள்வி: இலவசமாக எதுவும் இல்லையா?
— வாசகி, வேளச்சேரி

பதில்: உண்டு. ப்ராஜெக்ட்லிப்ரே, கேன்ட்ப்ராஜெக்ட் இரண்டையும் கணினியில் இறக்கிக்கொள்ளலாம். பலர் சேர்ந்து இணையம்வழி பார்க்க வேண்டுமென்றால் ஓப்பன்ப்ராஜெக்டின் கம்யூனிட்டி பதிப்பை உங்கள் சர்வரிலேயே நிறுவலாம். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்தச் சம்பளம் இலவசமில்லை. மேலே சொன்ன அஸ்திவாரக் கணக்கை இவற்றுக்கும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபேப்ரிகேஷன் பட்டறை. 6 மீட்டர் எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பைப் வாங்கி விதவிதமான அளவில் வெட்டுகிறோம். கட்டிங் ஆப்டிமைசேஷன் மென்பொருள் விற்க வந்தவர் 13 சதவீதத்துக்கு மேல் பைப் மிச்சமாகும் என்கிறார். நம்பலாமா?
— பட்டறை உரிமையாளர், அம்பத்தூர்

பதில்: எதோடு ஒப்பிட்டு 13 சதவீதம் என்று கேளுங்கள். முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். 2300 மில்லிமீட்டரில் 80 துண்டு, 1800-இல் 120, 1300-இல் 60. பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மில்லிமீட்டர் தின்னும்.

புதிதாகச் சேர்ந்த பையன் அளவு அளவாகத் தனித்தனியே வெட்டுவான். 2300-க்கு 40 பைப், 1800-க்கு 40, 1300-க்கு 15. மொத்தம் 95. விஷயம் தெரிந்த ஃபோர்மேன், 2300 இரண்டு வெட்டியபின் மிஞ்சும் 1400-இல் ஒரு 1300 எடுத்துவிடுவார். அப்போது 40 பைப்பிலேயே 40 துண்டு 1300 வந்துவிடும். 1800-க்கு 40, மீதி இருபது 1300-க்கு 5. மொத்தம் 85. கணக்குப்படி இதற்குக் குறைந்தபட்சம் 82. அதற்குக் கீழே யாராலும் போக முடியாது.

95-லிருந்து 82 என்றால் 13 பைப், கிட்டத்தட்ட 13.7 சதவீதம். விற்க வந்தவர் சொல்வது இந்தக் கணக்காகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பட்டறையில் வெட்டுவது ஃபோர்மேன். 85-லிருந்து 82 என்றால் 3 பைப், 3.5 சதவீதம். மாதம் எத்தனை பைப் வெட்டுகிறீர்கள் என்பதை இந்த மூன்றரையோடு பெருக்கி, விலையோடு வைத்துப் பாருங்கள். பையனோடு ஒப்பிட்ட எண்ணை வைத்து மென்பொருள் வாங்காதீர்கள்.

வாங்கும் முன் எக்செலில் உள்ள சால்வர் என்ற கருவியிலேயே இதைச் சரிபார்க்கலாம். ஒரு பைப்பில் எத்தனை விதமாக வெட்ட முடியும் என்று எழுதினால் இந்த மூன்று அளவுக்கு எட்டு விதம் வரும், மிச்சத்தில் இன்னொரு துண்டு எடுக்க முடியாத விதங்களை மட்டும் எண்ணினால். ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு செல். அவற்றின் கூட்டுத்தொகை குறைய வேண்டும். ஒவ்வொரு அளவிலும் கிடைக்கும் துண்டு, தேவைக்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். 'சமம்' என்று மட்டும் போட்டால், ஒரே ஒரு துண்டு கூடுதலாக வருகிற நல்ல விடையைக்கூட சால்வர் தள்ளிவிடும். கணக்கிடும் முறை என்ற இடத்தில் சிம்ப்ளெக்ஸ் எல்பி என்பதைத் தேர்ந்தெடுங்கள். செல்கள் முழு எண் என்ற கட்டுப்பாடு. சால்வரின் ஆப்ஷன்ஸில் முழு எண்ணுக்கான ஆப்டிமாலிட்டி சதவீதம் என்ற கட்டம் இருக்கும், அதில் 0 போடுங்கள். இல்லையென்றால் கொஞ்சம் சுமாரான விடையிலேயே 'முடிந்தது' என்று நின்றுவிடலாம்.

முழு எண் கட்டுப்பாட்டை மறந்தால் 81.54 பைப் என்று வரும். பட்டறையில் அரைப் பைப் வாங்க முடியாது. சரி, பக்கத்து முழு எண்ணுக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்றால் மூன்று விதத்தில் 52, 14, 15 என்று 81 வரும். ஆனால் 1800-இல் ஒன்றும் 1300-இல் ஒன்றும் குறையும். எல்லாவற்றையும் மேலே தள்ளினால் 83, ஒரு பைப் வீண். சரியான விடை: 2300 ஒன்றும் 1800 இரண்டுமாக 52 பைப், 2300 இரண்டும் 1300 ஒன்றுமாக 14, 1800 ஒன்றும் 1300 மூன்றுமாக 15, கடைசியாகக் குறைந்த அந்த இரண்டு துண்டுக்கு ஒரு பைப். கூட்டிப் பாருங்கள், 82.

விற்க வந்தவரின் மென்பொருளுக்கு இதே ஆர்டரைக் கொடுங்கள். 82 வந்தால் கணக்கு சரி. 81 வந்தால் ஏதோ ஒரு துண்டை விழுங்கியிருக்கிறது. 83, 84 வந்தால் அது உத்தேச முறை, ஆப்டிமைசேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெட்டும் விதம் மாறும்போதெல்லாம் ஸ்டாப்பரை நகர்த்த வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஃபோர்மேன் மூன்று விதத்தில் முடித்தார். 82 பைப் விடைக்கு நான்கு. ஆர்டரில் பதினைந்து, இருபது அளவு வரும்போது மென்பொருள் முப்பது விதம் காட்டி ஒரு பைப் மிச்சம் என்று பெருமைப்படும். விதங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட வசதி இருக்கிறதா, பிளேடு தடிமனைக் கேட்கிறதா, போன ஆர்டரில் மிஞ்சிய ஒரு மீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளை ஸ்டாக்கில் சேர்க்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். அளவுகள் கூடினால் வெட்டு விதங்கள் பல்கிப் பெருகும். எக்செலோடு வரும் சால்வர் 200 மாறிகளோடு (ஒரு விதத்துக்கு ஒரு மாறி) நின்றுவிடும். அதைத் தாண்ட ஓப்பன்சால்வர் என்ற இலவச இணைப்பு இருக்கிறது, அதில் இந்த வரம்பு இல்லை. அதற்கும் மேலே போனால்தான் காசு கொடுத்து வாங்கும் பேச்சு.

கேள்வி: மாதவரம் குடோனிலிருந்து 6 வேனில் தினமும் 140 கடைக்குச் சரக்கு போடுகிறோம். ரூட் பிளானிங் மென்பொருள் வாங்கினால் 5 வேனில் முடிக்கலாம் என்கிறார்கள்.
— விநியோகஸ்தர், மாதவரம்

பதில்: மென்பொருளுக்கு முன்னால் ஒரு தாள் கணக்கு. 140 கடையை 6 வேனுக்குப் பிரித்தால் வேனுக்கு 23, 24 கடை. ஒரு கடையில் இறக்கி, பில் போட்டு, காசு வாங்கிக் கிளம்ப 12 நிமிஷம் என்று வைத்தால், 23 கடைக்கு 276 நிமிஷம். வேன் ஓடாமலேயே நாலரை மணி நேரம் போயிற்று. ஒன்பது மணி நேர ஷிஃப்டில் சாப்பாடு, டீ 45 நிமிஷம் கழித்தால் ஓட்ட மிஞ்சுவது 219 நிமிஷம். 23 கடையும் குடோன் திரும்புவதுமாக 24 ஓட்டம், ஓட்டம் ஒன்றுக்கு 9 நிமிஷம். உங்கள் வேன் கடைக்குக் கடை உண்மையில் எத்தனை நிமிஷம் எடுக்கிறது? 14 என்றால் ஆறு வேனிலேயே ஷிஃப்ட் பதினொரு மணி நேரத்தைத் தொடுகிறது. ஐந்து வேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போது குறைக்க வேண்டியது ரூட்டை அல்ல, கடையில் நிற்கும் அந்த 12 நிமிஷத்தை. முன்கூட்டியே பில், யுபிஐ வசூல், கடைவாரியாகக் கட்டிய பெட்டிகள் என்று போனால் 12-ஐ 9 ஆக்கலாம். வேனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம், ஒரு ரூபாய் லைசென்ஸ் இல்லாமல்.

அந்தக் கணக்கில் இடம் இருந்தால் மட்டும் மென்பொருளுக்கு வாருங்கள். முதலில் கேட்க வேண்டியது: தூரத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? வரைபடத்தில் நேர்க்கோட்டுத் தூரம் எடுத்தால் சென்னையில் அது பொய். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், ரயில் பாதை எல்லாவற்றையும் பாலம் இருக்கும் இடத்தில்தான் கடக்க முடியும். எதிரே தெரியும் கடைக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஒருவழிச் சாலையால் போகும் தூரம் வேறு, வரும் தூரம் வேறு. ஆக, குடோனோடு சேர்த்து 141 இடத்துக்கு 141 பெருக்கல் 140, அதாவது 19,740 சோடித் தூரம் வேண்டும். கூகுளின் தூர அட்டவணைச் சேவை சோடிக் கணக்கில்தான் காசு வாங்குகிறது. தினமும் புதிதாகக் கேட்டால் பில் எகிறும். கடைகள் தினமும் மாறாது என்றால் ஒருமுறை எடுக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள், அதைச் சேமித்து வைக்க ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் ஓஎஸ்ஆர்எம் என்ற தூரம் கணக்கிடும் மென்பொருள் இலவசம், உங்கள் கணினியிலேயே ஓடும். அந்த நேரத்துப் போக்குவரத்து நெரிசல் மட்டும் அதில் வராது. காலை எட்டரைக்கும் மதியம் இரண்டுக்கும் வேறு வேறு பெருக்கல் எண் வைத்துச் சமாளிக்கலாம்.

கூகுளின் ஓஆர்-டூல்ஸை வைத்துச் செய்து தருவதாக ஒரு புரோகிராமர் சொன்னால் அதுவும் நல்ல வழிதான், காசில்லாத, தரமான கருவி. இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அது தூரத்தை முழு எண்ணாக எடுத்துக்கொள்ளும். கிலோமீட்டரில் கொடுத்தால் 0.8 கிலோமீட்டர் பூஜ்யமாகி, பக்கத்துக் கடைகளெல்லாம் ஒரே இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். மீட்டரிலோ விநாடியிலோ கொடுக்க வேண்டும். அடுத்தது, ரூட்டை மேம்படுத்தும் தேடல் முறைகளுக்கு நேர வரம்பு போடாவிட்டால் அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். 140 கடைக்கு இரண்டு நிமிஷத்தில் தொடங்கிப் பாருங்கள்.

சோதனைக்குப் போன வாரத்து ஆறு நாள் ஆர்டரை எடுங்கள். உங்கள் பழைய டிரைவர் எந்த வரிசையில் போனாரோ அந்த வரிசையையே அதே தூர அட்டவணையில் கூட்டி, மென்பொருளின் ரூட்டோடு ஒப்பிடுங்கள். டிரைவர் சுற்றிப் போன இடத்தில் ஏன் சுற்றினார் என்று அவரிடம் கேளுங்கள். அந்தக் கடை பதினொரு மணிக்குத்தான் திறக்கும், அந்தச் சந்தில் சாயந்திரம் வேன் நிறுத்த முடியாது என்பார். அவையெல்லாம் மென்பொருளுக்கு நீங்கள் கொடுக்காமல் விட்ட நிபந்தனைகள்.

கேள்வி: தாம்பரம் மெப்ஸில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் வேலை. சோதனைக்கு வாங்கிய சால்வர் இரண்டு மணி நேரம் ஓடியும் 'கேப் 3 சதவீதம்' என்று நிற்கிறது. சில நாள் 'இன்ஃபீசிபிள்' என்று மட்டும் சொல்கிறது. மென்பொருள் சரியில்லையா?
— பொறியாளர், தாம்பரம்

பதில்: கேப் என்றால் தப்பு அல்ல. உதாரணமாக, இதுவரை கிடைத்த திட்டத்தின் செலவு 10,30,000 ரூபாய், எந்தத் திட்டமும் 10,00,000-க்குக் கீழே போக முடியாது என்று சால்வர் நிரூபித்திருக்கிறது. இடையிலுள்ள 30,000-தான் அந்த 3 சதவீதம். கையில் இருப்பதே மிகச் சிறந்ததாகவும் இருக்கலாம், நிரூபிக்க மட்டும் முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் கொடுத்த இயந்திர நேரமே ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும்போது கடைசி மூன்றுக்காக இரவு முழுக்கக் காத்திருப்பதில் பொருளில்லை. பத்து நிமிஷத்தில் நிறுத்தச் சொல்லி, அப்போது என்ன கேப் என்று பத்து நாள் தரவுக்குக் குறித்துவையுங்கள். இரண்டு சால்வர்களை ஒப்பிட அந்தப் பட்டியல்தான் பயன்படும். விளம்பரத்தில் வரும் 'இத்தனை மடங்கு வேகம்' பயன்படாது. மிப்லிப் போன்ற பொதுக் கணக்குத் தொகுப்பில் முதலில் வருவது உங்கள் கணக்கிலும் முதலில் வரும் என்று எந்த உறுதியும் இல்லை.

'இன்ஃபீசிபிள்' (எல்லா நிபந்தனைக்கும் பொருந்தும் திட்டமே இல்லை) என்பது பெரும்பாலும் நம் தரப்புக் கோளாறு. யாரோ டெலிவரி தேதியை நேற்றைக்குப் போட்டிருப்பார்கள், அல்லது ஆயுத பூஜை அன்று இயந்திரம் நிற்கிறது என்பதை ஏற்றிவிட்டு ஆர்டரைத் தள்ளாமல் விட்டிருப்பார்கள். எந்த நிபந்தனைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று சுட்டிக்காட்டும் வசதி கட்டாயம் வேண்டும். குரோபி, சிப்ளெக்ஸ் என்ற கட்டண சால்வர்கள் இரண்டிலும் அது உண்டு. தேதி மாதிரியான நிபந்தனைகளை, மீறினால் நாளுக்கு இவ்வளவு அபராதம் என்று மாற்றி எழுதிவிட்டால் சால்வர் கைவிரிக்காது. எந்த ஆர்டர் எத்தனை நாள் தாமதம் என்று சொல்லிவிடும். மேனேஜரிடம் காட்ட 'இன்ஃபீசிபிள்' என்ற ஒரு வார்த்தையைவிட அது எவ்வளவோ மேல்.

வாங்கும் முன், குரோபியின் பைதான் தொகுப்போடு வரும் இலவச அனுமதி 2000 மாறி, 2000 நிபந்தனை வரைதான், சிப்ளெக்ஸின் இலவசப் பதிப்பு 1000, 1000 வரைதான் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு வாரத்துத் திட்டத்தை ஒரு நாளாகச் சுருக்கி ஓட்டி 'வேகமாக இருக்கிறது' என்று முடிவுகட்டாதீர்கள், இந்தக் கணக்குகள் நேர்விகிதத்தில் வளர்வதில்லை. முழு அளவுக்குச் சோதனை லைசென்ஸ் கேட்டு வாங்குங்கள். கூடவே ஹைஸ் என்ற இலவச சால்வரிலும் அதே கணக்கை ஓட்டுங்கள். மாடலை எம்பிஎஸ் என்ற பொது வடிவக் கோப்பாக வெளியே எடுத்தால் எல்லா சால்வரும் படிக்கும். ஹைஸே பத்து நிமிஷத்தில் 4 சதவீதத்துக்கு வந்துவிட்டால், விலையுயர்ந்ததை வாங்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தில் காரணம் கிடைப்பது சிரமம்.

கேள்வி: ஒருவருக்கு மாதம் இத்தனை என்ற கணக்கில் எப்படி பட்ஜெட் போடுவது?
— கணக்குப் பிரிவு, நுங்கம்பாக்கம்

பதில்: மாதம் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 பேருக்கு ஆண்டுக்கு 2,40,000. மூன்று ஆண்டுக்கு 7,20,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,29,600. பதிவு பெற்ற நிறுவனமென்றால் உள்ளீட்டு வரி வரவு பொதுவாகக் கிடைக்கும். வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக பில் போட்டால் ரிவர்ஸ் சார்ஜில் நீங்களே கட்டி வரவு எடுக்க வேண்டியிருக்கும், ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அந்த 25 பேரில் செட்யூலைத் திருத்துபவர் நான்கு பேர்தான் இருப்பார்கள். மீதிப் பேருக்குப் பார்க்க மட்டும் போதும். பார்வையாளர் லைசென்ஸ் இலவசமா, தள்ளுபடியா என்று கேட்டாலே பட்ஜெட் பாதியாகக் குறையலாம். அட்டவணையில் பெரும்பாலும் விடுபடுவது, பழைய தரவை ஏற்றும் வேலையும் மாதாமாதம் அதைப் பராமரிக்கும் ஆளும். பாதி ஆள் சம்பளமாவது எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வெளியேறும் வழியைச் சோதிக்க வேண்டும். ஒரு திட்டத்தை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து வேறு மென்பொருளில் திறந்து, வேலைகளுக்கு இடையிலான தொடர்பும் காலண்டரும் பேஸ்லைனும் (ஒப்பிடுவதற்காகச் சேமித்த முதல் திட்டம்) கூடவே வந்ததா என்று பாருங்கள். வெறும் எக்செல் பட்டியலாக மட்டும் தருகிறேன் என்றால் அது ஏற்றுமதி இல்லை. பெரிய நிறுவனம்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். ஜிராவை விற்கும் அட்லாசியன் 2024 பிப்ரவரி 15-இல் தன் சர்வர் பதிப்புகளுக்கு ஆதரவை நிறுத்தியது. சொந்த சர்வரில் ஜிரா வைத்திருந்தவர்கள் கிளவுடுக்கோ டேட்டா சென்டர் பதிப்புக்கோ மாற வேண்டியதாயிற்று. சந்தா முடிந்தபின் எத்தனை நாள் வரை தரவை எடுத்துக்கொள்ளலாம் என்பதை நாள் எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

கேள்வி: டிப்ளமோ முடித்து பிளானிங்கில் சேர்ந்திருக்கிறேன். ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சை எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், ஆவடி

பதில்: ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் ஜி. சீனிவாசனின் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் வகுப்புகள் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. சிம்ப்ளெக்ஸ் பாடத்தைக் கையால் போட்டுப் பழகியபின், மேலே உள்ள பைப் கணக்கை முதலில் எக்செல் சால்வரிலும், பிறகு பைதானில் பல்ப் என்ற தொகுப்பிலும் போடுங்கள். இரண்டிலும் 82 வரவில்லையென்றால் முழு எண் கட்டுப்பாட்டைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் விட்டிருப்பீர்கள்.